வெளிநாட்டு அம்மாவுக்கு முப்பத்தொரு மதிப்பெண்

ஆப்பு செய்து பிழைக்கிறவரிடம் ஊர் எப்படிப் பேசும் என்று விளக்கத் தேவையில்லை. காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே எதிர்க்கடைக்காரர், "இன்னைக்கு யாருக்குங்க ஆப்பு?" என்பார். பால் வாங்கப் போனால் பால்காரரும் அதையே கேட்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் பல் வைத்தியரே கேட்டிருக்கிறார். இருபது வருடமாக அதே கேள்வி. அவரும் இருபது வருடமாக, இப்போதுதான் முதன்முறை கேட்பவர் போலச் சிரித்து வைத்தார். ஆப்புக்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் அனுப்பும் கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது.

அவர் செய்தது கதவுக்கு வைக்கிற மர ஆப்பு. காற்றில் கதவு படாரென்று அடித்துச் சாத்திக்கொள்ளாமல் கீழே செருகுவார்களே, அது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ஒரு முனை இரண்டு விரல் உயரம், மறு முனை ஒன்றுமேயில்லை. வழுக்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருப்பார். அவ்வளவுதான் பொருள். ஆனால் அந்தச் சாய்வில் அவருக்கு ஒரு கைப்பதம் இருந்தது. மற்றவர்கள் செய்த ஆப்பு இரண்டே நாளில் நழுவும். இவர் செய்ததை எடுக்க, காலால் உதைக்க வேண்டும்.

பட்டறையில் இழைப்பதும் அறுப்பதும் அவர் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், எண்ணிக் கட்டுவதும், கணவர் வாயைத் திறந்தால் கெட்டுவிடக்கூடிய வியாபாரப் பேச்சுகளும் மனைவியின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

ஒருநாள் அயல்நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊருக்கு வந்திருந்த ஓர் அம்மா, தங்கும் விடுதியில் தன் அறைக் கதவுக்கு வைத்திருந்த ஆப்பைப் பார்த்து மயங்கி, மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் நாட்டில் அவருக்கு ஆணி, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடைகள் பதினேழு. இளமையில் நம் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவர். "பெருமதிப்பிற்குரிய ஆப்பு வனைஞருக்கு" என்று கடிதம் தொடங்கியது. ஐயாயிரம் ஆப்பு வேண்டும், இரண்டு மாதத்துக்குள் கப்பலேற வேண்டும் என்று முடிந்தது.

மனைவி கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு புதிதாக நாலு பேரை வேலைக்குச் சேர்த்தார். நாலு பேரும் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஐந்து வாரத்தில் ஐயாயிரம் ஆப்பும் செய்து, மூட்டை கட்டி, பட்டறையில் நடக்க இடமில்லாமல் அடுக்கியாகிவிட்டது. பிறகுதான் ஆப்புக்காரர் துறைமுக அலுவலகத்துக்குப் போனார்.

"பண்பாட்டுத் தகுதிச் சான்று எங்கே?" என்று கேட்டார் அதிகாரி.

"அப்படின்னா என்ன சார்?"

"எந்த நாட்டுக்கு அனுப்பறீங்களோ, அந்த நாட்டு ஆளுங்க மனசு புண்படாம விக்கத் தெரியும்னு சான்று. போன மாசத்துலேருந்து கட்டாயம்."

"சார், இது வெறும் ஆப்பு."

"அதனாலதான் கேக்கறேன்" என்றார் அதிகாரி.

அந்தச் சான்றைத் தரும் இடத்துக்கு அயல்நாட்டு வணிகப் பண்பாட்டுப் பயிலகம் என்று பெயர். நான்கு மாடிக் கட்டடம். வாசலில் பெரிய உலக உருண்டை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வாயிலில் ஒடிசலான காவலாளி ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆப்புக்காரரைப் பார்த்ததும், "நேராப் போயி எடது பக்கம் திரும்புங்கண்ணே. படிவத்துல எதையும் காலியா விட்டுடாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க" என்று நல்ல வார்த்தை சொன்னார்.

படிவம் ஒன்பது பக்கம். 'உங்கள் பொருள் ஒரு மனிதராக இருந்தால் யாரைப் போல இருக்கும்?' என்று ஒரு கேள்வி. ஆப்புக்காரர் நெடுநேரம் யோசித்து, 'என் மைத்துனரைப் போல. வைத்த இடத்தை விட்டு நகராது' என்று எழுதினார். 'உங்கள் பொருளின் கனவு என்ன?' என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒன்றும் தோன்றாமல் காலியாக விட்டார். குமாஸ்தா படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"கனவு இல்லாத பொருளை நாங்க சேத்துக்கறதில்லீங்க."

ஆப்புக்காரர் பேனாவை வாங்கி, 'கதவு' என்று எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்று முத்திரை குத்தினார்.

வகுப்பு மூன்று வாரம். கப்பல் புறப்பட இருந்தது நாலாவது வாரத்தில். கணக்குச் சரியாக இருக்கிறதே என்று ஆப்புக்காரர் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு சோப்புக்காரம்மா. வீட்டிலேயே சோப்பு காய்ச்சி விற்பவர்.

"எனக்கு இது நாலாவது தடவைங்க" என்றார் அவர். "எல்லாத்துலயும் தேறிடறேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்புல போயிடுது."

ஆப்புக்காரருக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். வெயில் நாளிலும் கோட்டு. கையில் சுட்டுக்கோல். உலக வரைபடத்தின் முன்னால் நின்று தொடக்க உரை ஆற்றினார்.

"நண்பர்களே! உலகம் மிகப் பெரியது. அதை ஏழு மண்டலமாகச் சுருக்கியது இந்தப் பயிலகம். இருபத்திரண்டு வருடமாக நான் உலகத்தைக் கற்பித்து வருகிறேன். இதுவரை ஒருமுறைகூட நான் இந்த நாட்டு எல்லையைத் தாண்டியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாட்டைப் பார்த்திருப்பேன். பார்த்த நாட்டின் மேல் பிரியம் வந்திருக்கும். பார்க்காத நாடுகளுக்கு அநியாயம் செய்திருப்பேன். எதையும் பார்க்காததால்தான் எல்லா நாட்டையும் சமமாக அறிந்திருக்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆப்புக்காரரும் தட்டினார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் கைகுலுக்கல். நடத்தை ஆசிரியை ஒருவர் மேசைமேல் ஏழு பிளாஸ்டர் கைகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு மண்டலம். ஒன்றாம் மண்டலத்துக்கு இரண்டு விநாடி, லேசான பிடி. இரண்டுக்கு விரல்நுனி மட்டும். நாலாம் மண்டலத்துக்கு, "உறுதியா, நம்பிக்கையோட" என்றார் ஆசிரியை. இருபது வருடம் இழைப்புளி பிடித்த கை உறுதியாக, நம்பிக்கையோடு பிடித்தது. நாலாம் மண்டலத்தின் மூன்று விரல்கள் உடைந்து தரையில் விழுந்தன.

வகுப்பு முழுக்க எழுந்து எட்டிப் பார்த்தது.

"ஒரு மண்டலத்தையே அவமதிச்சிட்டீங்க" என்றார் ஆசிரியை, விரல்களைப் பொறுக்கிக்கொண்டே.

"பசை வெச்சிருக்கேன் மேடம். பத்து நிமிஷத்துல ஒட்டிக் குடுத்துடறேன்."

"அயல்நாட்டு விவகாரத்துல தனியார் தலையிடக் கூடாது. மன்னிப்புக் கடிதம் எழுதுங்க."

ஆப்புக்காரர் எழுதினார். 'நாலாம் மண்டலப் பொதுமக்களுக்கு, வணக்கம். தங்கள் விரல்களை வேண்டுமென்று ஒடிக்கவில்லை' என்று தொடங்கி, ஒரு பக்கம். அந்தக் கடிதத்துக்கு எண் போட்டு, கோப்பில் வைத்து, கோப்பை அலமாரியில் வைத்தார்கள். நாலாம் மண்டலம் அமைதியடைந்தது.

இரண்டாம் வாரம் சிரிப்பு. சோப்புக்காரம்மா சொன்னது அப்போதுதான் விளங்கியது. ஒன்றாம் மண்டலத்தில் பல் தெரியக் கூடாது. மூன்றில் உதடு மட்டும் அசையலாம், கன்னம் அசையக் கூடாது. ஐந்தில் மேல்வரிசையில் நாலு பல். ஆசிரியை அளவுகோலோடு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றார். சோப்புக்காரம்மாவுக்கு அளவுகோலைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டும் தெரிந்தது. அவ்வளவுதான், நாலாவது தடவையும் போயிற்று.

ஆப்புக்காரர் வீட்டுக் கண்ணாடி முன்னால் மூன்றாம் மண்டலத்தைப் பழகிக்கொண்டிருந்தார். மனைவி வந்து பார்த்தார்.

"என்னங்க, பல்லு வலியா?"

"இல்ல, சிரிக்கிறேன்."

"எதுக்கு?"

"ஆப்பு விக்க."

மனைவி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு பேரை நம்ப வெச்சு வேலைக்குக் கூட்டியாந்திருக்கோம். ஞாபகம் இருக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஆப்புக்காரருக்கு எந்த மண்டலத்துச் சிரிப்பும் வரவில்லை.

பொருளைப் பரிசோதிக்கும் குழு தனி. மூன்று பேர். ஆப்பை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து மூன்று பக்கமும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"மரக்கலர் வேண்டாம்" என்றார் முதல் உறுப்பினர். "ரெண்டாம் மண்டலத்துல அது துக்கம்."

"இது மரந்தான சார்?"

"மரம் மரமாத்தான் இருக்கணும்னு இல்ல."

நீலம் பரிசீலிக்கப்பட்டது. அது ஆறில் கோபம். பச்சை ஏழில் பொறாமை. கடைசியில் மங்கிய வெள்ளை என்று முடிவானது. அதற்கு எந்த மண்டலத்திலும் எந்த அர்த்தமும் இல்லையாம்.

இரண்டாம் உறுப்பினர் ஆப்பைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்தார். முகம் வாடியது. "சாய்வா இருக்கே?"

"ஆப்புன்னா சாய்வாத்தான் சார் இருக்கும்."

"சாய்வுன்னா வீழ்ச்சி. ஒரு வியாபாரி கையில போயி வீழ்ச்சியைக் குடுப்பீங்களா?"

ஆப்புக்காரர் யோசித்தார். "திருப்பிப் பிடிச்சா ஏறுமுகமால்ல சார் இருக்கு?"

குழுவுக்கு இது புதிய கோணம். கூட்டத்தை ஒத்திவைத்து ஒருநாள் முழுக்க விவாதித்தார்கள். மறுநாள் தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளர் எந்தப் பக்கம் பிடிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சாய்வு நீக்கப்பட வேண்டும்.

மூன்றாம் உறுப்பினர் பெயரைப் பார்த்தார். ஆப்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே அவர் கூசினார். 'கதவுத் தோழன்' என்று புதுப்பெயர் வைத்தார்.

குழு சொன்னபடி ஆப்புக்காரர் மாதிரிக்கு ஒன்று செய்து கொண்டுபோனார். முனைகளெல்லாம் மழுங்கிய, மங்கிய வெள்ளை பூசிய, தட்டையான சதுரக் கட்டை. மூவரும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பயிலகத்தின் வரலாற்றிலேயே யாரையும் எந்த வகையிலும் புண்படுத்தாத முதல் பொருள் இதுதான் என்று குறிப்பெழுதி, கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள்.

"இது கதவை நிறுத்தாதே சார்" என்றார் ஆப்புக்காரர்.

"அது பயன்பாட்டுப் பிரிவு. நாங்க பண்பாட்டுப் பிரிவு."

"பயன்பாட்டுப் பிரிவு எந்த மாடி சார்?"

அப்படி ஒரு பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

அதேபோலச் செய்திருந்த இன்னொரு கட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் காட்டினார். அவர் புரட்டிப் பார்த்தார். "இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"யாரையும் புண்படுத்தாதாம்."

"கால்ல போட்டுப் பாருங்க, புண்படும்" என்றார் மனைவி. மூட்டையிலிருந்த ஐயாயிரத்தில் ஒன்றின்மேல்கூட உளி படக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் வாரம் வணிகக் கடிதம். வாங்கப்போகிற அம்மாவுக்கு ஆப்புக்காரர் எழுத வேண்டிய கடிதத்தையே வகுப்பில் பயிற்சியாக எழுதவைத்தார்கள். அந்த அம்மாவின் நாடு மூன்றாம் மண்டலம். மூன்றாம் மண்டலத்தாரிடம் எடுத்த எடுப்பில் வியாபாரம் பேசினால் முகத்தில் அறைந்தது போல. முதலில் இரண்டு பக்கம் வானிலை எழுத வேண்டும். ஆப்புக்காரர் எழுதினார். மழை பெய்ததை எழுதினார். மேலும் பெய்ததை எழுதினார். இரண்டு பக்கம் நிரம்ப வேண்டுமே என்று காற்று, இடி, தெருவில் ஓடிய தண்ணீர் எல்லாவற்றையும் எழுதினார். கடைசி வரியில், 'ஆப்பு பற்றிப் பிறகு எழுதுகிறேன்' என்று முடித்தார். ஆசிரியை முழு மதிப்பெண் போட்டு, தன் கையாலேயே அஞ்சலில் சேர்த்தார்.

ஏழாம் நாள் அந்த அம்மா விமானத்தைப் பிடித்துப் பட்டறை வாசலில் வந்து நின்றார். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

"ஐயா, தங்கள் தொழிற்கூடம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டதோ?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

"வெள்ளமா? எங்கேம்மா?" என்றார் மனைவி.

ஆப்புக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார். அந்த அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பிளாஸ்டர் விரல் உடைந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு எழுந்து, மூட்டைக்குள் கைவிட்டு ஒரு ஆப்பை எடுத்துக் கதவுக்கடியில் செருகி, காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"வாங்குபவள் நானே நேரில் வந்து கூறினால் போதுமல்லவா?" என்றார். "நாளை நானும் வருகிறேன்."

மறுநாள் செய்முறைத் தேர்வு. அடுத்த நாள் கப்பல். மனைவியும் பட்டறையை நாலு பேரிடம் விட்டுவிட்டு உடன் வந்தார்.

தேர்வு எப்படி நடக்கும் என்று சோப்புக்காரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஒரு வெளிநாட்டுக்காரர் உள்ளே வருவார். அவரிடம் பொருளை விற்க வேண்டும். அந்த வெளிநாட்டுக்காரர் வேறு யாருமில்லை, வாயிலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிதான். பதினோரு வருடமாக ஒவ்வொரு வகுப்புக்கும் அவரே தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஏழு மண்டலத்துக்காரராகவும் வந்து போய்க்கொண்டிருந்தார். பாடப் புத்தகம் அவருக்குத் தலைகீழ் மனப்பாடம்.

அன்று மூன்றாம் மண்டலத் தொப்பியோடு அவர் தயாராக நின்றபோது, ஆப்புக்காரர் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"சார், இவங்கதான் என்கிட்ட வாங்கறவங்க. மூணாம் மண்டலம். நேர்லயே வந்துட்டாங்க."

இயக்குநர் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாம் மண்டலத்தை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. விதிப்படி விரல்களை ஒட்டி வைத்து, ஒன்றரை விநாடிக்குத் தயாராகக் கையை நீட்டினார். அந்த அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பம்பு அடிப்பதுபோல ஆட்டினார். சிரித்தார். பல்லும் தெரிந்தது, கன்னமும் அசைந்தது.

இயக்குநர் கையை விடுவித்துக்கொண்டு ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை தலையை மெல்ல இல்லையென்று ஆட்டினார்.

"ஒருத்தர் வந்து 'நான் வெளிநாட்டுக்காரி'ன்னு சொன்னா நாங்க நம்பிட முடியுமா?" என்றார் இயக்குநர். "பயிலகத்துக்குன்னு ஒரு தரம் இருக்கு. ரெண்டு வெளிநாட்டுக்காரரையும் ஒரே மாதிரி சோதிச்சுத்தான் பாக்கணும்."

"சோதியுங்கள்" என்றார் அந்த அம்மா, உற்சாகமாக.

முதலில் காவலாளி. கதவருகில் மூன்று முறை தலையசைத்தார். மேசைக்கு ஒன்றரைக் கை தூரத்தில் நின்றார். உதடு மட்டும் அசைய, கன்னம் அசையாமல் ஒரு சிரிப்பு. பிறகு வானிலையைப் பற்றிப் பதினோரு நிமிடம் பேசினார். என்ன பேச்சு! பனி, மூடுபனி, அதற்கடுத்த நாள் பனி. ஆப்புக்காரர் ஈடுகொடுக்கப் பார்த்தார். நாலாவது நிமிடத்திலேயே அவரிடமிருந்த வானிலை தீர்ந்துவிட்டது. காவலாளி மனமிரங்கி, "இடி... இடி இருக்குல்ல?" என்று முணுமுணுத்தார். ஆசிரியை அதைக் கவனித்துவிட்டார். ஆப்புக்காரருக்குத் தோல்வி என்று குறிக்கப்பட்டது. காவலாளி பொருளைச் சுண்டுவிரலால் தொட்டு, இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். காவலாளிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. உள்ளே வரும்போது பழக்கதோஷத்தில் இயக்குநருக்கு சல்யூட் அடித்ததில் எட்டு போயிற்று.

அடுத்து அந்த அம்மா. வந்தார். மேசைமேலிருந்த ஆப்பை எடுத்தார். மண்டியிட்டுத் தேர்வறைக் கதவுக்கடியில் செருகினார். உதைத்தார். "நன்று. ஐயாயிரம். எப்போது கிடைக்கும்?" என்றார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்.

முப்பத்தொன்று. அதிலும் முப்பது, நேரத்துக்கு வந்ததற்கு.

இயக்குநர் அந்த அம்மாவின் பக்கம் குனிந்து, மனம் நோகாதபடி பேசினார்.

"அம்மா, உங்கமேல தப்பே இல்ல. உங்க நாட்டுல இதுக்கு ஒரு முறையான பயிற்சி கிடையாது, நீங்க என்ன பண்ணுவீங்க? எங்க வகுப்புல மூணு வாரம் உக்காந்தீங்கன்னா உங்கள ஒரு நல்ல வெளிநாட்டுக்காரியா ஆக்கிவிட்டுடுவோம்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆப்புக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை கப்பல் போய்விடும். பட்டறையில் நாலு பேர் மூட்டைகளுக்கு நடுவில் காத்திருப்பார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது? வானிலை தீர்ந்துபோச்சு என்றா? நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மனைவி முன்னால் வந்தார்.

"சார், எனக்கு ஒண்ணு வெளங்கல. முப்பத்தொண்ணு எடுத்தவங்க தோத்துட்டாங்க, சரி. தொண்ணூத்திரெண்டு எடுத்தவருக்குச் சான்று உண்டா இல்லையா?"

"இதென்னம்மா கேள்வி?" இயக்குநர் நிமிர்ந்தார். "மூணாம் மண்டலத்தை அவரைவிட அறிஞ்ச ஆள் இந்தக் கட்டடத்துலயே கிடையாது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்!"

"அப்ப குடுப்பீங்க."

"ஏன் குடுக்க மாட்டேன்?"

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாரே. குமாஸ்தா தாளைக் கொண்டுவந்தார். இயக்குநர் கையெழுத்திட்டார். ஆசிரியை முத்திரை குத்தினார். காவலாளி திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கினார். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு அந்தத் தாளைப் பாதுகாப்பாக எடுத்துப் போகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். தன் பெயர் எழுதிய ஒன்றை அவர் தொட்டது அன்றுதான். மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே" என்றார் மனைவி அவரிடம். "எங்க ஆப்பை உங்க பேர்ல அனுப்பிக்கலாமா? நீங்க எங்க வியாபாரத்துல ஒருத்தரா இருங்க."

காவலாளி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். காவலாளி ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் துறைமுக அதிகாரி படிவத்தைப் பார்த்தார்.

"அனுப்புறவர் தொழில்?"

"காவலாளிங்க சார்."

"தகுதி?"

"மூணாம் மண்டல வெளிநாட்டுக்காரர் சார். தொண்ணூத்திரெண்டு."

அதிகாரி இதைவிட உயர்ந்த தகுதியை அதுவரை பார்த்ததில்லை. முத்திரை விழுந்தது. மூட்டைகளின்மேல் 'கதவுத் தோழன்' என்று எழுதியிருந்ததைச் சரிபார்த்தார். உள்ளே இருக்கும் தோழன் சாய்வாக இருக்கிறானா என்று திறந்து பார்க்கச் சட்டத்தில் இடமில்லை.

ஐயாயிரமும் அங்கே போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் தீர்ந்தது. அடுத்த கடிதத்தில் எட்டாயிரம் கேட்டிருந்தார் அந்த அம்மா. நாலு பேரும் நிலைத்தார்கள். சோப்புக்காரம்மாவும் ஐந்தாவது தடவை சேருவதற்குப் பதிலாகக் காவலாளியின் பெயரிலேயே சோப்பு அனுப்பத் தொடங்கி, இஷ்டத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தவணைக்கு, அனுப்புகிறவர் அந்த நாட்டுக்கே நேரில் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. காவலாளி விடுப்பு எடுத்தார். துணைக்கு ஆப்புக்காரரும் போனார்.

அந்த ஊர் விமான நிலையத்தில் பெண் அதிகாரி ஒருவர் காவலாளியின் கடவுச்சீட்டை வாங்கினார். காவலாளி ஒன்றரைக் கை தூரம் பின்னால் போய் நின்று, மூன்று முறை தலையசைத்து, பனியைப் பற்றித் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கு மொழி புரியவில்லை. மூன்றாவது நிமிடத்தில் கவலையோடு எழுந்து வந்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு காவலாளி வானிலையைத் தொடவில்லை. அந்த அம்மாவின் கடையில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கை கொடுத்தார்கள். ஒருவர் கொடுக்கவே மறந்துவிட்டார். மூன்றாம் நாள் காவலாளி, அந்த அம்மாவின் கணவர் ஏணியிலிருந்து வண்ண டப்பாவோடு வழுக்கி விழுந்ததைப் பார்த்து, விழுந்தவரோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்ததை ஆப்புக்காரர் பார்த்தார். கன்னம் நன்றாகவே அசைந்தது.

அவர்கள் திரும்பி வந்ததும் இயக்குநர் எல்லா ஊழியர்களையும் கூட்டினார். பயிலகத்திலிருந்து முதன்முதலாக ஒருவர் உலகத்துக்குப் போய்வந்திருக்கிறார். சாட்சி சொல்ல ஆப்புக்காரரும் அழைக்கப்பட்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றார் இயக்குநர். "அங்க மக்கள் எப்படி நடந்துக்கறாங்க?"

காவலாளி தயங்கினார். ஆசிரியையைப் பார்த்தார், குழுவின் மூன்று பேரையும் பார்த்தார். அந்த வாயிலில் அவருக்கு இன்னும் ஒன்பது வருட வேலை இருந்தது.

"சொன்னா வருத்தப்படுவீங்க சார். ஒருத்தருக்கும் பாடமே தெரியல."

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "நான் பயந்தது சரியாப் போச்சு" என்றார். அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் பாடப் புத்தகம் நாலு பிரதி உடனே அனுப்பவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

சாயங்காலம் ஊழியர்கள் வரிசையாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆப்புக்காரர் வாயிலில் நின்று காவலாளியோடு அடுத்த தவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இயக்குநர் கடைசியாக வெளியே வந்தார். கோட்டு கையில் இருந்தது. இரண்டு அடி தாண்டிப் போனவர் நின்று, தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இப்ப யாரும் இல்ல" என்றார் தணிந்த குரலில். "நிஜமா சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

காவலாளி முக்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். இயக்குநர் உட்கார்ந்தார். கோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"விமானம் மேல ஏறுது பாருங்க சார், அப்பவே காது ரெண்டும் அடைச்சுக்கும்" என்று தொடங்கினார் காவலாளி.

இயக்குநர் தன் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.